உயிலும் பட்டாவும்: திண்டிவனத்தில் சேரி நிலம் கைமாறும் ஆறு மாதங்கள்

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து 213ஆம் பிரிவை எடுத்துவிட்டது. உயிலை வைத்து நீதிமன்றத்தில் உரிமை கோருபவர் முதலில் அந்த உயிலை மெய்ப்பித்து, ‘புரொபேட்’ எனப்படும் மெய்ப்பிதழைப் பெற்றிருக்க வேண்டும் என்று சொன்ன பிரிவு அது. இசுலாமியருக்கு அது பொருந்தியதில்லை. இந்தியக் கிறித்தவர்களுக்கு 2002இல் விலக்கு கிடைத்தது. இந்துக்களுக்கோ சென்னை, மும்பை நகர எல்லைகளோடும் பழைய வங்காளப் பகுதியோடும் தொடர்புடைய உயில்களுக்கு மட்டும் இருந்தது. ஊருக்கு ஒரு விதி, சமயத்துக்கு ஒரு விதி என்ற காலனியப் பாகுபாடு ஒழிந்தது என்று பலரும் இதனை வரவேற்றனர். பாகுபாடு ஒழிந்தது உண்மைதான்.

ஆனால் விழுப்புரம், திண்டிவனம் நீதிமன்றங்களில் வழக்காடும் எங்களுக்கு இந்தச் செய்தி வேறு விதமாக ஒலித்தது. விழுப்புரத்தில் எழுதப்பட்ட, விழுப்புரத்து நிலத்தைப் பற்றிய இந்துக் குடும்பத்தின் உயிலுக்கு அந்தக் கட்டாயம் ஒருநாளும் இருந்ததில்லை. இங்கே ஒருவர் இறந்த மறுவாரம் ஓர் உயில் முளைக்கலாம். அதை எந்த நீதிபதியும் பார்க்காமலே நிலத்தின் பெயர் மாறலாம். யாராவது வழக்குத் தொடுத்தால்தான் அந்த உயில் வெளிச்சத்துக்கு வரும். சென்னைக்கு இப்போது வந்திருக்கும் நிலையில் விழுப்புரத்துச் சேரிகள் நூறு ஆண்டுகளாக இருந்துவருகின்றன. அந்த நிலையில் சேரி நிலத்துக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பேசுவதற்கு இது தகுந்த நேரம்.

என்னிடம் வந்த ஒரு வழக்கிலிருந்து தொடங்குகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் புன்செய். மல்லாட்டையும் கோடையில் தர்பூசணியும் விளைந்த நிலம். தந்தை தை மாதம் இறந்தார். இரண்டு மகன்கள், மூன்று மகள்கள். மாசியில் மூத்த மகன் பெயருக்குப் பட்டா மாறியது. அடிப்படை, பதிவு செய்யப்படாத ஓர் உயில். பங்குனியில் சேரியைச் சாராத ஒரு மனை வணிகருக்குக் கிரயம் பதிவானது. சித்திரையில் கல் நட்டார்கள். ஐம்பது வயதைக் கடந்த மூத்த மகள் ஆடி மாதக் கடைசியில் என்னிடம் வந்தார். மஞ்சள் பையில் தந்தை கட்டிய கிஸ்தி ரசீதுகளை அடுக்கி வைத்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “எங்கப்பா கையெழுத்துப் போடுவாரு வக்கீலம்மா. ரேஷன் கடையிலகூட கையெழுத்துதான். இதுல எப்படிக் கைநாட்டு இருக்கு?”

சட்டப்படிப்பு படிக்காத அந்த அம்மா கேட்டது, உச்ச நீதிமன்றம் 1959இல் வெங்கடாசல ஐயங்கார் எதிர் திம்மஜம்மா வழக்கில் வகுத்த அதே கேள்விதான். உயிலைக் கொண்டுவருபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும்; அதைச் சுற்றி ஐயத்துக்குரிய சூழல் இருந்தால் அந்த ஐயத்தைப் போக்கும் சுமையும் அவருடையதே. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் சான்றொப்பமிட்டிருக்க வேண்டும் என்கிறது வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. சாட்சி உயிரோடும் அழைக்கத்தக்க நிலையிலும் இருந்தால் குறைந்தது ஒருவரையாவது கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டும். பதிவு செய்த உயிலுக்கும் இது பொருந்தும். பதிவு அலுவலக முத்திரையைப் பார்த்ததும் தோற்றுவிட்டதாக எண்ணி வீடு திரும்பும் குடும்பங்களை வாரந்தோறும் பார்க்கிறேன். முத்திரை உயிலை மெய்யாக்கிவிடாது.

ஆனால் அந்த அம்மா வந்தபோது ஆறு மாதம் கடந்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இரண்டு வாரத்துக்கு ஒரு விலை உண்டு. அதற்கு வருமுன், இந்த நிலம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891இல் தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலையைப் பற்றி அளித்த அறிக்கையும், அதைத் தொடர்ந்து 30.9.1892 அன்று வெளியான அரசாணை 1010/10-ஏ-வும் இந்தத் தளத்தின் வாசகர்களுக்குப் புதியவை அல்ல. மாகாணம் முழுவதும் ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் 12 லட்சம் ஏக்கர் என்ற எண்ணையும் நம் மேடைகளில் கேட்டிருக்கிறோம். நிபந்தனைகள் எளிமையானவை: முதல் பத்தாண்டுகள் விற்கவோ அடகு வைக்கவோ கூடாது, அதன் பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே கைமாற்றலாம், மீறினால் அரசு இழப்பீடின்றித் திரும்ப எடுத்துக்கொள்ளும். 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமசும் ஏழுமலையும் காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தது இந்த நிபந்தனையை நிறைவேற்றக் கேட்டதற்காகத்தான்.

ஒப்படை பெற்றவர் இறந்தால் நிலம் அவர் வாரிசுகளுக்கு வரும். அதில் நிபந்தனை மீறல் எதுவும் இல்லை. ஆனால் நிபந்தனை அழியாமல் நிலத்தோடே இறங்கி வருகிறது. மேற்சொன்ன வழக்கில், பழைய செட்டில்மென்ட் பதிவேட்டை எடுத்துப் பார்த்தபோது ஒரு ஏக்கர் நாற்பதில் எண்பது சென்ட் நிபந்தனை ஒப்படை என்று குறிப்புரைப் பத்தியில் இருந்தது. 1980களின் யு.டி.ஆர். அ-பதிவேட்டில் அந்தக் குறிப்பு காணாமற்போயிருந்தது. தந்தைக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. வாங்கியவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

பஞ்சமி நிலம் பற்றிய நம் பேச்சு பெரும்பாலும் பறிப்பு, மீட்பு என்ற இரண்டு சொற்களுக்குள் சுழல்கிறது. 2019இல் ‘அசுரன்’ திரைப்படத்தை ஒட்டி எழுந்த சர்ச்சையில் எந்தக் கட்சியின் கட்டடம் எந்த நிலத்தில் நிற்கிறது என்று மாதக்கணக்கில் விவாதித்தோம். அது தேவையான விவாதம். ஆயினும் நான் பார்க்கும் கோப்புகளில் நிலம் போவது பெரும்பாலும் தடியோடு வருபவனால் அல்ல. ஒரு சாவுக்குப் பிறகு, ஒரு வாரிசின் கையொப்பத்தால். ஆதிக்கச் சாதிப் பணம் அந்தக் கையொப்பத்துக்குப் பின்னால் பொறுமையாக நிற்கிறது. நான்குவழிச் சாலையும் சிப்காட்டும் வந்தபின் திண்டிவனத்தைச் சுற்றிய புன்செய்களின் விலை ஏறிவிட்டது. பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கும் தம்பியையோ, குடியில் கடன்பட்ட அண்ணனையோ தேடிப்பிடிப்பது ஒரு நிலத்தரகருக்குக் கடினமான வேலையன்று.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததும் அன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமை முறையிலிருந்து மீண்ட கறுப்பின மக்கள் 1910 அளவில் ஒன்றரைக் கோடி ஏக்கருக்கு மேல் நிலம் சேர்த்திருந்தனர். அதன் பெரும்பகுதி பின்னர் கைவிட்டுப் போனது. அச்சுறுத்தலும் கடன் மறுப்பும் முதன்மைக் காரணங்கள். மற்றொன்று, உயிலின்றி இறந்தவர்களின் பிரிக்கப்படாத நிலம். தூரத்து வாரிசு ஒருவரின் சிறு பங்கை வாங்கிய வணிகர், பாகப்பிரிவினை கேட்டு நீதிமன்றம் சென்று, பிரிக்க இயலாது என்று சொல்லி முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவருவார். இதைத் தடுக்க 2010இல் அங்கே ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டு, பல மாநிலங்கள் அதை ஏற்றன: விற்பனைக்கு முன் மற்ற வாரிசுகளுக்கு அந்தப் பங்கை வாங்கும் முதல் வாய்ப்பு.

அந்த முதல் வாய்ப்பு நம்மிடம் 1956 முதலே இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, உயிலின்றி இறந்தவரின் அசையாச் சொத்தில் ஒரு வாரிசு தம் பங்கை விற்க முன்வந்தால், உடன்வாரிசுகளுக்கு அதை வாங்கும் முன்னுரிமை உண்டு என்கிறது. விலையில் உடன்பாடு இல்லையெனில் நீதிமன்றம் நிர்ணயிக்கும். வேளாண் நிலத்துக்கு இது பொருந்துமா என்று பல உயர் நீதிமன்றங்கள் முரண்பட்டிருந்தன. பாபு ராம் எதிர் சந்தோக் சிங் வழக்கில் 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்று முடித்து வைத்தது. எங்கள் பகுதியில் இந்தப் பிரிவை எழுப்பி வாதாடப்பட்ட வழக்குகள் என் கண்ணில் மிகக் குறைவாகவே பட்டிருக்கின்றன. வாங்கப் பணம் வேண்டுமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அறிவிப்பு அனுப்பி, வழக்கைத் தாக்கல் செய்தாலே வெளியாளின் ஆர்வம் பாதி குறைந்துவிடும்.

இப்போது அந்த ஆறு மாதம். வாரிசுரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதி, 192ஆம் பிரிவில் தொடங்குகிறது. ஒருவர் இறந்தபின் அவர் சொத்தை வேறொருவர் கைப்பற்றிவிட்டாலோ, வலுவில் கைப்பற்றுவார் என்ற அச்சம் இருந்தாலோ, வாரிசு உரிமை கோரும் எவரும் மாவட்ட நீதிபதியிடம் மனுச் செய்யலாம். சிறுவருக்காகவும் வெளியூரில் இருப்பவருக்காகவும் உறவினரோ நெருங்கிய நண்பரோ மனுச் செய்யலாம். எதிராளிக்குச் சட்டப்படி உரிமை இல்லை, சாதாரண வழக்கின் முடிவுக்குக் காத்திருந்தால் மனுதாரருக்குப் பெரும் பாதிப்பு நேரும் என்று நம்பக் காரணம் இருந்தால், நீதிபதி சுருக்கமாக விசாரித்து உடைமை யாருக்கு என்று முடிவு செய்வார். அதுவரை சொத்தைக் காக்கப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கலாம் என்கிறது 195ஆம் பிரிவு. உரிமை மூலத்தை முடிவு செய்யும் வழக்கு பிறகு தனியே நடக்கும்.

இவ்வளவு கூர்மையான கருவிக்கு ஒரே ஒரு கடிவாளம்: இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் (பிரிவு 205). நம் வீடுகளில் அந்த ஆறு மாதம் எப்படிப் போகிறது என்பதை நாமறிவோம். கருமாதி முடிய வேண்டும், முதல் ஆடி கழிய வேண்டும், “சாவு வீட்டில் சொத்துப் பேச்சா” என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. அந்த அம்மா ஆறு மாதமும் தம்பி பேசிவிடுவான் என்று காத்திருந்தார். அவர் கூச்சத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் துக்கம் காக்கும் மாதங்களில் வட்டாட்சியர் அலுவலகம் விடுமுறையில் இருப்பதில்லை.

அந்த வழி அடைபட்டதால், சார்பு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்கும், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 39இன் கீழ் இடைக்காலத் தடை மனுவும் தாக்கல் செய்தோம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது எதிராளி யாருக்கு விற்றாலும் வாங்குபவர் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. எனவே வழக்கு எண் விழும் நாள் முக்கியமானது. உட்பிரிவு தேவைப்படாத இனங்களில் பத்திரம் பதிவானதும் பட்டா தானாகவே மாறும் முறை வந்துவிட்ட இக்காலத்தில், ஒரு வாரத் தாமதமும் ஒரு புதிய பெயரைப் பட்டாவில் ஏற்றிவிடும்.

நீதிமன்றக் கட்டணம் பற்றிய அச்சமும் பலரைத் தடுக்கிறது. தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955இன் 37ஆம் பிரிவுப்படி, உடைமையிலிருந்து விலக்கப்பட்டவர் தம் பங்கின் சந்தை மதிப்புக்கேற்பக் கட்ட வேண்டும். கூட்டு உடைமையில் இருப்பவருக்கு நிலையான சிறு தொகைதான். திருமணமாகி வேறூர் போன மகளை ‘விலக்கப்பட்டவர்’ என்று எதிர்த்தரப்பு வாதிடுவது வழக்கம். 1980இல் நீலாவதி எதிர் நடராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே பிரிவை ஆராய்ந்து, உடன்பங்காளி நேரில் பயிரிடாவிட்டாலும், வருமானம் பெறாவிட்டாலும் கூட்டு உடைமையில் இருப்பதாகவே கொள்ளப்படுவார் என்றது. வழக்குரையில் “என்னை விரட்டிவிட்டார்கள்” என்ற ஒரு வரியைச் சினத்தில் எழுதிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். இளம் வழக்கறிஞர்கள் கவனிக்க வேண்டும். மேலும் பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12, வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவியை உரிமையாக்கியிருக்கிறது. நீதிமன்றக் கட்டணமும் அதில் அடங்கும்.

மகள்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டேன். முழுதும் சொல்லிவிடுகிறேன், தோழர்கள் சிலருக்கு அது உவப்பாக இராது என்றாலும். நான் நடத்தும் நில வழக்குகளில் ஆதிக்கச் சாதியினர் பிரதிவாதியாக இருப்பவை உண்டு. சேரியிலேயே பிறந்த, இயக்கக் கூட்டங்களில் பேசுகிற அண்ணன் பிரதிவாதியாக இருப்பவையும் உண்டு. “தங்கச்சிக்குத்தான் சீர் செய்தோமே” என்ற வாதத்தை ஊர்த் தெருவிலும் கேட்டிருக்கிறேன், காலனியிலும் கேட்டிருக்கிறேன்; சொல் மாறுவதில்லை. 1989இல் தமிழ்நாடும் 2005இல் ஒன்றிய அரசும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை தந்தன. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா தீர்ப்பு அதை ஐயமற நிலைநாட்டியது. இந்த ஆண்டுகளை மாணவர்கள் மனப்பாடமாக அறிவார்கள். அறியாதது இது: நம் குடும்பங்களின் நிலத்தில் பெரும்பங்கு தந்தைக்கோ தாத்தாவுக்கோ அரசு ஒப்படைத்தது, அல்லது அவர் கூலி சேர்த்து வாங்கியது. அது அவரது தனிச்சொத்து. அத்தகைய சொத்தில் மகளும் மனைவியும் மகனுக்கு நிகரான முதல் வகுப்பு வாரிசுகள் என்பது 1956லேயே சட்டமாகிவிட்டது. 1989க்கு முன் திருமணம் நடந்துவிட்டது, ஆகவே பங்கில்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் எத்தனை பேர்!

மகளை விலக்கும் குடும்பம் தனக்கே கேடு செய்துகொள்கிறது என்பதையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். விற்க மறுத்துக் கடைசிவரை நின்றவர்கள் பெரும்பாலும் மகள்கள். அவர்கள் பெயர் வாரிசுச் சான்றிதழில் இருந்து, கூட்டுப் பட்டாவிலும் ஏறியிருந்தால், ஒரு தம்பியின் கையொப்பம் முழு நிலத்தையும் கொண்டுபோக முடியாது.

வெளியாள் வேலி போட்டுவிட்டால் வழக்கின் தன்மை மாறுகிறது. அண்ணன், தங்கை இடையிலான தகராறில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு இடமில்லை. ஆனால் பட்டியல் சாதியைச் சாராத ஒருவர், தமக்கு உரிமையில்லாத பங்கைச் சேர்த்து வளைத்தால், 2016 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட சட்டத்தின் பிரிவு 3(1)(எஃப்), 3(1)(ஜி) ஆகியவை பொருந்தும். “இது சிவில் மேட்டர்” என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பப்படுவது வழக்கமான அனுபவம். எழுத்து மூலம் புகார் தந்து ஏற்புச் சீட்டுக் கேளுங்கள்.

பஞ்சமி நிலத்தை உயில் மூலம் வெளியாளுக்கு எழுதி வைத்தால்? விற்பனைதானே தடை, உயில் விற்பனை அல்லவே என்ற தந்திரத்தை எதிர்பார்க்கத்தான் வேண்டும். குஜராத் குத்தகைச் சட்டம் தொடர்பான வினோத்சந்திர கபாடியா வழக்கில் 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம், கைமாற்றத்துக்குத் தடையுள்ள நிலத்தை உயில் வழியாகவும் விவசாயி அல்லாதவருக்குக் கொடுக்க முடியாது என்றது. பஞ்சமி நிலத்தைப் பற்றிய தீர்ப்பன்று அது. ஆனாலும் நிபந்தனையின் நோக்கத்தைப் பின்வாசல் வழியாக முறியடிக்கக் கூடாது என்ற அதன் தர்க்கம் நமக்கும் பொருந்தும் என்று வாதிடுவேன்.

இத்தனை வாதங்களும் ஓரிடத்தில் வந்து முட்டுகின்றன. பஞ்சமி நிபந்தனை மீறப்பட்டால் நிலத்தைத் திரும்ப எடுப்பது அரசு. எடுத்த நிலத்தை அதே குடும்பத்தின் ஏமாற்றப்பட்ட வாரிசுகளுக்கே தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் தனிச்சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. மகள் ஒருத்தி தம்பியின் விற்பனையை எதிர்த்து வருவாய்க் கோட்டாட்சியரிடம் பஞ்சமி மனு கொடுத்தால், வென்றாலும் நிலம் தனக்கு வருமா என்பது அவளுக்குத் தெரியாது. கர்நாடகம் 1978லேயே இதற்குச் சட்டம் இயற்றிவிட்டது: ஒப்படை நிலத்தின் விற்பனை செல்லாது, மீட்ட நிலம் ஒப்படை பெற்றவருக்கோ அவர் சட்டப்படியான வாரிசுகளுக்கோ. அச்சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் கூறியது. பிற்காலத்தில் ‘நியாயமான காலத்துக்குள்’ வரவில்லை என்று மனுக்கள் தள்ளுபடியாகத் தொடங்கியபோது, தலித் அமைப்புகளின் நீண்ட போராட்டத்துக்குப் பின் 2023இல் கால வரம்பே இல்லை என்று அம்மாநிலம் திருத்தம் செய்தது.

தமிழ்நாட்டில் 2011இல் நீதிபதி மருதமுத்து தலைமையில் பஞ்சமி நிலத்துக்கென ஒரு குழு அமைக்கப்பட்டது நினைவிருக்கலாம். குழுக்களால் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. கர்நாடகத்தைப் போல் வாரிசின் பெயரைச் சொல்லும் ஒரு சட்டம் வேண்டும். அதுவரை, சட்டமன்றத்துக்குப் போகாமலே வருவாய்த்துறை செய்யத்தக்கவை இரண்டு உண்டு. செட்டில்மென்ட் பதிவேட்டில் உள்ள நிபந்தனைக் குறிப்பை இணையவழிப் பட்டாவில் ஏற்ற வேண்டும். உயிலின் பேரில் பட்டா கோரப்பட்டால், வாரிசுச் சான்றிதழில் உள்ள ஒவ்வொருவருக்கும், மணமாகிப் போன மகள்கள் உட்பட, நேரில் அறிவிப்புச் சார்பு செய்யாமல் மாற்றக் கூடாது. பட்டா மனுவில் உரிமை மூலம் பற்றிய தகராறு எழுந்தால் தரப்பினரை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று பட்டா பாஸ்புத்தக விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. தகராறு இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பே வாரிசுக்குத் தரப்படாததுதான் குறை.

கிராமங்களில் வேலை செய்யும் மாணவர்களும் இளைஞர்களும் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சேரியில் ஒரு நிலவுடைமையாளர் இறந்தால், காரியம் முடிந்த வாரத்தில் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழுக்கான மனுவும் எழுதிக் கொடுங்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். எங்கள் அறிவிப்பின்றிப் பட்டா மாற்றக் கூடாது என்ற ஆட்சேபணை மனுவைச் சர்வே எண்ணோடு வட்டாட்சியருக்கு விரைவஞ்சலில் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இறந்த தேதியிலிருந்து ஆறாவது மாதம் எந்த நாளில் முடிகிறது என்பதை அந்த வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

அந்த அம்மாவின் வழக்கில் தடையாணை கிடைத்திருக்கிறது. உயிலில் சான்றொப்பமிட்ட இருவரில் ஒருவரை இன்னும் கூண்டில் ஏற்றவில்லை. நட்ட கற்கள் நிலத்தில் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே இந்தப் பட்டத்துக்கு மல்லாட்டை விதைத்திருப்பதாக, போன வாய்தாவுக்கு வந்தபோது அவர் சொன்னார்.